இரண்டாவது பெரட்டு

ஸம்ஹா டீச்சருக்குக் கோபம் வருவதற்கு முன்னால் அறிவித்தல் எதுவும் வராது. நேரே கோபம்தான் வரும். கஹவத்தைக் கடைத்தெருவில் ஆணியும் பெயின்ட்டும் விற்கிற சாலி ஹாஜியாரின் மூத்த மகள் அவள். "இவள கடையில இருத்தினா ஆணி வாங்க வாறவனும் திரும்பி ஓடிருவான்" என்று சொல்லித்தான் வாப்பா அவளைக் கல்வியியற் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார் என்பது வீட்டில் நெடுநாள் பகிடி. படித்து முடித்து, வெளியூரில் நான்கு வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு, சொந்த ஊர்ப் பாடசாலைக்கே மாற்றம் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்த அன்றைக்கே பதினொன்று சி வகுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த வகுப்பை யாரும் கேட்டு வாங்கியதில்லை. பழைய கட்டடத்தின் கடைசி அறை அது. மழை பெய்தால் கரும்பலகையின் இடது பாதி நனையும்; ஆகவே மழை நாளில் பாடமும் பாதிதான். முப்பத்திரண்டு பிள்ளைகள். ஜன்னல் பக்கம் இருபத்து மூன்று பேர், டவுன் பிள்ளைகள், அநேகமாகக் கடைக்காரர் வீட்டு முஸ்லிம் பிள்ளைகள். கதவுப் பக்கம் ஒன்பது பேர், மலைக்கு மேலே இருக்கிற மேல் டிவிஷன் தோட்டத் தொழிலாளர் லயங்களில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று யாரும் கோடு கிழித்துக் கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்பில் எப்படி உட்கார்ந்தார்களோ அப்படியே வளர்ந்து வந்திருந்தார்கள்.

இரண்டாம் கிழமை அதிபர் பளீல் சேர் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஓ.எல் என்கிற சாதாரண தரப் பெறுபேறு வந்த பிறகு, மேலிடத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்லிச் சொல்லி நொந்துபோன மனிதர்.

"டீச்சர், நான் மறைக்காம செல்றன். இந்த முறை ரெண்டாம் தவணைப் பரீட்சையில கணிதத்தில முப்பத்தஞ்சு எடுக்காத புள்ளைகள நான் ஸ்கூலால ஓ.எல்லுக்கு அனுப்ப மாட்டன். அவங்க பிரைவட்டா எழுதட்டும்."

"அவங்க எண்டா யாரு சேர்?"

அவர் மேசையில் கிடந்த தாளை அவள் பக்கம் திருப்பினார். ஒன்பது பெயர்கள். எல்லாமே கதவுப் பக்கம்.

"பரீட்சை இன்னும் வைக்கல்ல. அதுக்குள்ள பேரெல்லாம் எழுதிட்டீங்களே."

"வரவப் பாருங்க டீச்சர். கிழமைக்கு ரெண்டு நாள், மூணு நாள். வராத புள்ளைக்கு யாரு படிச்சுக் குடுக்க ஏலும்?"

பிரைவட்டாக எழுதுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். விண்ணப்பத்தை எங்கே வாங்குவது, யாரிடம் கையெழுத்து எடுப்பது என்று சொல்லிக்கொடுக்க ஒரு லயத்தில் ஓர் ஆள் கிடைப்பது சந்தேகம். அந்த ஒன்பது பேரில் பெண்பிள்ளைகள் கொழும்புக் கார்மென்ட்ஸுக்குப் போவார்கள், பையன்கள் றப்பர் பால் வெட்டப் போவார்கள், அதோடு புத்தகம் மூடப்பட்டுவிடும். "ரெண்டாம் தவணை வரைக்கும் இந்தத் தாள் உங்கட லாச்சிக்குள்ள இரிக்கட்டும் சேர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். குரல் கொஞ்சம் கூடிவிட்டது என்று வாசலுக்கு வந்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது.

சவால் விட்டாயிற்று. ஆனால் படிப்பிக்கப் பிள்ளை வேண்டுமே. செவ்வாய்க்கிழமை கதவுப் பக்கம் காலி. புதன்கிழமை ஒன்பது பேரும் வந்து நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். வியாழன் மறுபடி காலி. வெள்ளிக்கிழமை ஸம்ஹா பொறுமையைக் கைவிட்டாள். அவர்களை எழுப்பி நிறுத்தி, அரை மணி நேரம் ஏசினாள். நினைத்த நேரம் வர, நினைத்த நேரம் நிற்க இது என்ன தேத்தண்ணிக் கடையா என்று கேட்டாள். ஒன்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஜன்னல் பக்கத்திலிருந்து ஸியாம்தான் பேசினான். வாயாடி, புடைவைக் கடைக்காரர் மகன், வகுப்பில் நடக்கிற எதற்கும் அவனிடம் ஒரு விமர்சனம் இருக்கும்.

"டீச்சர், அவங்களுக்கு லீவு போட்டா சந்தோசம்."

வகுப்பு சிரித்தது. கதவுப் பக்கம் முதல் வாங்கில் இருந்த சுகந்தினி மட்டும் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஸம்ஹாவும் கண்டாள். ஆனாலும் அவள் ஏசுவதை நிறுத்தவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளே பிந்திவிட்டாள். உம்மாவை மருந்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, எட்டரை மணிக்குத் திரீவீலில் பஸ் ஸ்டான்டைத் தாண்டியபோது, அங்கே நீள வாங்கில் வெள்ளை உடுப்புகள் வரிசையாகத் தெரிந்தன. எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. திரீவீலை நிறுத்தி இறங்கினாள். கோபம் அவளுக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டது.

"என்ன செய்றீங்க இங்க? படமா காட்டுறாங்க?"

ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள். சுகந்தினிதான் பதில் சொன்னாள்.

"பஸ் லேட்டாயிருச்சுங்க டீச்சர். எட்டு மணிக்குத்தான் எறக்கிவிட்டாங்க."

"அதுக்கு? ஸ்கூல் இந்தா, நூறு மீட்டர் தூரத்தில இரிக்கி."

"இடாப்பு கூப்பிட்டு முடிச்சிருப்பாங்களேங்க."

"முடிச்சா?"

அந்தப் பிள்ளை அவளை வியப்போடு பார்த்தாள். இவ்வளவு படித்த டீச்சருக்கு இது தெரியாதா என்கிற மாதிரி.

"பேர் கூப்பிட்டு முடிஞ்சா அன்னிக்கு நாள் போச்சுங்க டீச்சர். அதுக்கப்புறம் போயி நின்னாலும் பேர் விழாது. பெரட்டுல அப்படித்தானேங்க."

ஸம்ஹாவுக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை ஒன்றுகூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறதற்குப் பெரட்டு என்று பேர். அதற்குப் பிந்திப் போனவரைக் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கு வேலையும் இல்லை, பேரும் இல்லை. ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கமும் இல்லை. அம்மா திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், பள்ளிக்கூடத்திலும் அதுதான் சட்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இத யாரு உங்களுக்குச் சொன்னது?"

"அக்கா சொல்லுச்சுங்க. அக்காவுக்கு எங்க சித்தப்பா சொன்னாரு. அவரும் இந்த ஸ்கூல்தான்."

"அப்ப ஏன் வீட்டுக்குப் போகல்ல?"

"ஒன்றரைக்குத்தாங்க திரும்ப பஸ்ஸு. அதுவரைக்கும் இங்கதான் உக்காந்து படிப்போம்."

வாங்கில் அவள் படிப்பிக்கிற கணிதப் புத்தகமே திறந்து கிடந்தது. போன வியாழக்கிழமை அவர்கள் வராத அன்று நடத்திய பாடம். தாங்களாகவே தட்டுத்தடுமாறிச் செய்து, பிழையாகச் செய்து, அழித்துத் திரும்பச் செய்திருந்தார்கள்.

ஸம்ஹா அந்த வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த மலை அவளுடைய வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலை. இந்த ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாப்பாவின் கடைக்கு வந்து தகரத்துக்கு ஆணி வாங்குகிறவர்கள். இருபத்தெட்டு வயதாகியும், இதே ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தும் இந்த ஒரு விடயம் தெரியாமல் இருந்திருக்கிறாள். தெரியாததோடு நில்லாமல், நிறுத்திவைத்து ஏசியும் இருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை ஏசினதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றாள். டீச்சர் ஒருத்தி மன்னிப்புக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் சுதாகரன் என்கிற நெட்டைப் பையன் "பரவால்லிங்க" என்றுவிட்டுக் காது சிவந்தான். "இப்ப எழும்புங்க. என்னோட வாங்க. இன்னைக்கு ரெண்டாவது பெரட்டு இரிக்கி."

அன்று எட்டே முக்காலுக்கு, பாடத்தின் நடுவில், ஸம்ஹா டீச்சர் மறுபடியும் பேர் கூப்பிட்டாள். ஒன்பது பேர் மட்டும். ஸியாம் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பிறகு பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், ஏன் இருந்தார்கள் என்று முழு வகுப்புக்கும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். காலையில் கதவுப் பக்கத்துக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து இடாப்பை விட்டுவைப்பாள். பஸ் வந்த பிறகு பேனையால் எழுதி அலுவலகத்துக்கு அனுப்புவாள். ஒரு மாதத்தில் பளீல் சேர் கண்டுபிடித்துவிட்டார்.

"பென்சிலால இடாப்பு எழுத ஏலா டீச்சர். அது அரசாங்கப் புத்தகம்."

"அப்ப பஸ்ஸுக்காரனுக்குப் பேனையால ஒரு கடிதம் எழுதுங்க சேர், ஏழேகாலுக்கு வரச்சொல்லி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளோடு பேசும்போது அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. கடைசியில், "எட்டரை வரைக்கும் தாறன். ஆனா தவணைப் பரீட்சை அன்னைக்கு பென்சில் இல்ல. எட்டரைக்கு யாரு இல்லையோ அவர் இல்ல. முப்பத்தஞ்சுக்குக் குறைஞ்சா நான் சொன்னது சொன்னதுதான்" என்றார்.

பிள்ளைகள் வந்தார்கள். வந்த பிறகுதான் வேடிக்கை தொடங்கியது. நூற்றுவீதம் நடத்திக்கொண்டிருந்த ஒரு மழை நாளில், நனையாத பாதிப் பலகையில் ஸம்ஹா ஒரு கணக்கு எழுதினாள்: இருபத்தைந்து கிலோவில் நூற்றுக்குப் பன்னிரண்டு எவ்வளவு? ஸியாம் பென்சிலைக் கூர் பார்ப்பதற்குள் சுகந்தினி, "மூணுங்க" என்றாள்.

"எப்படிச் செஞ்ச?"

"மழ நாள்ல தேயிலக் கொழுந்து நிறுக்கையில தண்ணிக்குன்னு கழிப்பாங்கள்ல டீச்சர். அம்மாவுக்கு எவ்வளவு கழிச்சாங்கன்னு நான்தான் பார்த்துச் சொல்லுவேன். இருபத்தஞ்சுக்கு மூணு, அம்பதுக்கு ஆறு."

"எழுபத்தஞ்சுக்கு?" என்று ஸியாம் குறுக்கே விழுந்தான்.

"ஒம்பது. ஆனா எங்க லயத்துல எழுபத்தஞ்சு கிலோ எடுக்குற ஆளு யாரும் இல்ல. உங்க வீட்டுல இருந்தா அனுப்புங்க."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதிகமாகச் சிரித்தது ஸியாம்தான். அடுத்த நாள் அவன் தன்னுடைய டியூஷன் வகுப்புக் கேத்திர கணிதக் குறிப்புகளை ஒன்பது பிரதி எடுத்துக்கொண்டு வந்து கதவுப் பக்கம் வைத்தான். "நூற்றுவீதம் எனக்குச் சொல்லித் தா. முக்கோணம் நான் பாத்துக்கிறன்" என்றான். அடுத்த மாதம் ஜன்னல் பக்கம் எது, கதவுப் பக்கம் எது என்று வெளியாள் யாராவது வந்து பார்த்திருந்தால் சொல்ல முடிந்திருக்காது. சுதாகரன் ஒருத்தன்தான் ஸம்ஹாவின் நித்திரையைக் கெடுத்தான். வெறும் எண் கொடுத்தால் செய்வான். எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்து ஒன்று வந்துவிட்டால் போதும், திருதிருவென்று முழிப்பான்.

பரீட்சை நாளும் வந்தது. முதல் நாள் இரவு தொடங்கிய மழை விடிந்தும் விடவில்லை. ஏழரைக்கு பஸ் இல்லை. எட்டு மணிக்கும் இல்லை. மூன்றாவது வளைவில் பாதைக்குக் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்துவிட்டது என்று வாசல் காவலாளி குணதாஸ சொன்னான். சுகந்தினியின் அப்பா கன்னையாவுடைய ஃபோனுக்கு அடித்தால் சிக்னல் இல்லை. எட்டரைக்கு மணி அடித்தது. பளீல் சேர் வினாத்தாள் கட்டோடு தானே வந்தார். காலியாகக் கிடந்த ஒன்பது கதிரைகளையும் பார்த்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தாள்களைக் கொடுக்கச் சொன்னார்.

ஸம்ஹா இருபத்து மூன்று தாள்களைக் கொடுத்தாள். ஆறு மாதம் பாடுபட்டது ஒரு மரம் விழுந்ததில் போகிறதே என்று இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அவர்கள் எப்படியாவது டவுனுக்கு வந்து சேர்ந்திருந்தால்? பேர் கூப்பிட்டு முடிந்தது, நாள் போச்சு என்று பழையபடி அந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டால்?

"எழுதுங்க" என்றாள்.

ஸியாம் வினாத்தாளைக் கவிழ்த்து வைத்தான். அதன் மேல் பேனையை வைத்தான். கையைக் கட்டிக்கொண்டான். அவன் பின்னால் இருந்த அம்ரா தன் தாளையும் கவிழ்த்தாள். பிறகு அடுத்தது, அடுத்தது. கொஞ்ச நேரத்தில் இருபத்து மூன்று தாளும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"என்ன இது?" என்றார் பளீல் சேர்.

ஸியாம் எழுந்து நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பகிடி இல்லாமல் பேசினான்.

"வகுப்பு இன்னும் வந்து முடியல்ல சேர்."

"உங்கட நேரம்தான் போகுது. பிறகு கூட்டித் தர மாட்டன்."

"ஓம் சேர்" என்றுவிட்டு உட்கார்ந்தான்.

எழுதச் சொல்லி அதட்ட வேண்டியவள் ஸம்ஹா. அவள் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதட்ட அவளுக்கு மனமில்லை. பளீல் சேர் மேசையில் சாய்ந்துகொண்டு கண்ணாடியைத் துடைத்தார். பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேற்றில் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. கெஞ்சித் தட்டுகிற தட்டு இல்லை அது. பளீல் சேர் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஸம்ஹா குடையில்லாமல் பின்னால் ஓடினாள்.

கேற்றுக்கு வெளியே ஒன்பது பேர் நின்றார்கள். கொழுந்து எடுக்கப் போகும்போது அம்மாமார் இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படங்குகளைத் தலையில் போர்த்திக்கொண்டு, சப்பாத்துகளை சொப்பிங் பைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். றப்பர் காட்டுக் குறுக்குப் பாதையால் ஐந்து மைல் இறங்கி வந்திருக்கிறார்கள். முழங்கால் வரை சேறு. சுதாகரனின் காலில் இரண்டு அட்டைகள் இரத்தம் குடித்து உருண்டிருந்தன. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

சுகந்தினி அதிபரை நேராகப் பார்த்தாள்.

"பேர் கூப்பிட்டு முடிச்சிருந்தா திரும்பக் கூப்பிடுங்க சேர். நாங்க வந்திருக்கோம்."

அவள் குடும்பத்தில் அக்கா கேட்காதது, சித்தப்பா கேட்காதது. பெரட்டுக் களத்தில் அவளுடைய அம்மா ஒருநாளும் கேட்காதது. அந்த ஒரு வாக்கியத்தைக் காதால் கேட்பதற்குத்தான் இந்தப் பாடசாலைக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு வந்தோம் என்று ஸம்ஹாவுக்குப் பட்டது. மழையில் நின்றுகொண்டே அழுதாள். மழையாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

பளீல் சேர் குணதாஸவிடம் கேற்றைத் திறக்கச் சொன்னார்.

"டீச்சர், இடாப்பக் கொண்டு வாங்க. நான் கூப்பிடுறன்."

வகுப்பு வாசலில் நின்று, ஒன்பது பெயர்களையும் அவரே வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பேனையால் அடையாளம் போட்டார். இருபத்து மூன்று பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். சுதாகரனின் அட்டைகளைக் கழற்ற யாரோ சவர்க்காரத்தோடு ஓடி வந்தார்கள். "போதும், இரிங்க. இப்ப ஒன்பது பத்து. எல்லாருக்கும் இதில இருந்து ரெண்டு மணித்தியாலம்" என்று அதிபர் சொன்னார். கவிழ்ந்து கிடந்த தாள்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின.

தாள்களைத் திருத்த ஸம்ஹாவுக்கு இரண்டு நாள் எடுத்தது. சுகந்தினிக்கு எண்பத்தொன்று. ஸியாமுக்கு எண்பது. அந்த ஒரு புள்ளிக்காக அவன் ஒரு கிழமை வழக்காடினான். ஜன்னல் பக்கத்தில் யாரும் முப்பத்தைந்துக்குக் குறையவில்லை. கதவுப் பக்கத்து ஒன்பது பேரில் எட்டுப் பேர் நாற்பதுக்கு மேலே போய்விட்டார்கள். சுதாகரனுக்குச் சரியாக முப்பத்தைந்து.

பளீல் சேர் அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கினார். அவரும் ஒரு காலத்தில் கணித வாத்தியார்தான். கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்புப் பேனையோடு ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்திருந்தார். வெளியே விறாந்தையில் ஸம்ஹா நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்தாள். எங்காவது இரக்கப்பட்டு அரைப் புள்ளி கூடப் போட்டிருக்கிறேனா என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். கூப்பிட்டார். போனாள்.

"டீச்சர், நீங்க பிழையாத் திருத்தியிரிக்கிறீங்க."

அவள் எட்டித் தாளைப் பார்த்தாள்.

"ஏழாம் கணக்கு. விடை பிழைதான், ஆனா புள்ளை வழியச் சரியாப் போட்டிரிக்கி. எழுத்தெல்லாம் சரியாத்தான் பிடிச்சிரிக்கி. ரெண்டு புள்ளி விட்டுட்டீங்க. முப்பத்தேழு." அவர் தாளை அவளிடம் நீட்டினார். "கோபக்காரர் எண்டா கை இறுக்கமாத்தான் இரிக்கும் போல."

பிறகு லாச்சியை இழுத்தார். அவள் வந்த புதிதில் காட்டிய அந்தப் பழைய தாள் அதற்குள் கிடந்தது. அதைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, புதுத்தாள் ஒன்றை எடுத்து, பாடசாலைப் பரீட்சார்த்திகள் என்று தலைப்பு எழுதினார்.

"பேரச் செல்லுங்க டீச்சர். கதவுப் பக்கத்தில இருந்து தொடங்குங்க."

ஸம்ஹா இடாப்பைப் பார்க்கவில்லை. எல்லாப் பெயரும் அவளுக்கு மனப்பாடம். முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் பேனையால் எழுதினார்.